ஓட்டை மேடம்

அந்த இரசாயன ஆலையில் அவளுக்கு ‘ஓட்டை மேடம்’ என்று பெயர். எந்தத் திரவத்தை எந்த உலோகம் தாங்கும், எதை அரித்துத் தின்றுவிடும் என்று பார்த்துத் தொட்டிக்கும் குழாய்க்கும் பொருள் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. புதுக் குழாய் பளிச்சென்று வந்து இறங்கினாலும், இது எங்கே ஓட்டையாகும் என்றுதான் முதலில் பார்ப்பாள். வந்த வரன்களிலும் ஓட்டை பார்த்தே அக்கா தனியாக நின்றுவிட்டாள் என்று தங்கை கேலி செய்வாள்.

சூடான உப்புக் கரைசல் நிற்கும் பெரிய தொட்டியை அவள் சாதாரண இரும்பில் செய்து, உள்ளே ரப்பர் பூசச் சொல்லியிருந்தாள். பார்வைக்கு லட்சணமில்லை. பூச்சு உரிகிறதா என்று ஆண்டுதோறும் காலி செய்து பார்க்கவும் வேண்டும். ஆனால் ஒரு சொட்டுக்கூடக் கசிந்ததில்லை. அதுவே அவளுக்கு வினையாயிற்று.

“ஒண்ணுமே ஆகாத தொட்டிக்கு எதுக்கு வருஷா வருஷம் வேலைய நிறுத்தணும்?” என்றார் புதிதாக வந்த மேலாளர். “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்க. துருவே பிடிக்காது.”

“துரு பிடிக்காது சார், விரிசல் விடும். சூடும் உப்பும் சேர்ந்தா அதுக்கு ஆகாது. வெளிய பளபளன்னுதான் இருக்கும், திடீர்னு பிளந்துடும்.”

“உங்க வீட்டுல எவர்சில்வர் பாத்திரமே வாங்க மாட்டீங்க போலிருக்கே!” என்று அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். அவளைக் கிடங்குக்கு மாற்றிவிட்டு, வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

புதிதாக வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியை இயக்குபவர் தங்கையின் கணவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது அவள் மெல்லச் சொன்னாள்: “வேற பிரிவுக்கு மாத்தல் கேளுங்க. அந்தத் தொட்டிய நம்ப முடியாது.”

அவர் வாய் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். “உன் பதவி போன கடுப்புல அவர் பிழைப்புல மண்ணப் போடாதக்கா.”

கோடையில் ஒரு பிற்பகல், பற்றவைத்து இணைத்த இடத்தை ஒட்டித் தொட்டி பிளந்தது. கொட்டிய கரைசல் அவருடைய இரண்டு கால்களையும் வேகவைத்துவிட்டது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தங்கை அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எல்லாம் தெரிஞ்சவதானே நீ? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

பதில் நாக்கு நுனிவரை வந்தது. அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். “சொல்லியிருக்கணும்” என்றாள்.

தங்கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ‘அவளே ஒத்துக்கிட்டாளே’ என்று சொந்தபந்தம் முழுக்கச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னது தெரிந்த இன்னொரு ஆள் கட்டிலில் கிடந்தவர்தான். அவரும் பேசவில்லை.

மேலாளர் வேறு ஆலைக்குப் போகுமுன் அவளைப் பழைய இடத்துக்கே அழைத்துக்கொண்டார். “நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் மேடம்” என்றார். அவள் ரப்பர் பூசும் தொட்டிக்கு வரைபடத்தை விரித்தாள்.

தங்கையின் கணவர் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிவிட்டார் என்பதை, ஆலை வாசலில் பார்த்த அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.