காதர் பாய்க்கு நான் போட்ட பூஜ்யம்

தாம்பரத்தில் முதியோர் உதவி அமைப்பு ஒன்றில் பதினெட்டு வருடம் ஃபீல்ட் வொர்க்கராக இருந்தேன். தனியாக வாழும் வயதானவர்களின் வீட்டுக்குப் போய், வீட்டிலேயே உதவிக்கு ஆள் வைக்கலாமா, பகல்நேர மையம் போதுமா, இல்லத்தில் சேர்க்க வேண்டுமா என்று பார்த்து ஃபாரம் நிரப்புவது என் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சரியாகச் செய்த கேஸ்களைச் சொல்வதில்லை. இதைத்தான் சொல்வேன்.

பெருங்களத்தூரிலிருந்து ஒரு வீட்டுக்காரம்மா போன் செய்தார். மாடியில் குடியிருக்கும் காதர் பாய்க்குப் புத்தி தடுமாறுகிறது என்றார். பாய் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் முப்பது வருடம் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டியவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். ஒரே மகள் கோவையில்.

நான் போனதும் வீட்டுக்காரம்மா படியிலேயே நிறுத்தினார்.

"குக்கர் விசில் அடிச்சிகினே கீது, இவரு பாட்டுக்கு பேப்பர் படிச்சிகினு கீறாரு. கதவத் தட்டுனா தொறக்கறதில்ல. ஒரு நாள் வூடே பத்திக்கும்மா."

ஞாபக சோதனையில் பத்துக் கேள்விகள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன்.

"சாப்ட்டேம்மா" என்றார்.

இது எந்த ஊர் என்றதற்குச் சிரித்தார். பத்துக்கும் பூஜ்யம். மகளிடம் போனில் சொன்னேன். அழுதார், பிறகு சம்மதித்தார். படப்பை பக்கம் ஓர் இல்லத்தில் திங்கட்கிழமை சேர்ப்பதாக முடிவாயிற்று. பாயிடமும் சொன்னேன், தலையாட்டினார். 'சம்மதித்தார்' என்று ஃபாரத்தில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவருடைய மருந்துச் சீட்டுகளை வாங்கப் போனேன். கதவு திறந்தே இருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மேஜையில் அன்றைய பேப்பர், அதில் குறுக்கெழுத்துப் புதிர் ஒரு கட்டம் விடாமல் நிரம்பியிருந்தது. கிழமை தெரியாத மனிதர் இதை எப்படிப் போட்டார்? கூப்பிட்டேன், திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன், அப்போதும் இல்லை.

முன்னால் போய் நின்று, பேப்பர் ஓரத்தில் 'இன்று என்ன கிழமை?' என்று எழுதினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கீழே 'வெள்ளி. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பணும்' என்று எழுதினார். திங்கட்கிழமை எங்கே போகிறோம் தெரியுமா என்று எழுதிக் கேட்டேன்.

'கண் டாக்டரிடம்' என்று எழுதினார்.

உண்மையை எழுதிக் காட்டினேன். 'இல்லம்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார். காது கேட்காததை ஏன் சொல்லவில்லை என்று எழுதினேன். இதற்கு வாயாலேயே பதில் சொன்னார்.

"காது கேக்கலன்னு சொன்னா செவிட்டுப் பாய்னு பேரு வச்சிருவாங்க. சிரிச்சி வச்சா ஒரு மரியாதை கீது."

அங்கிருந்தே இல்லத்துக்குப் போன் செய்து இடத்தை ரத்து செய்தேன். மகளிடம் என் தவறைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. வாப்பாவோடு இனி போனில் எப்படிப் பேசுவது என்றுதான் கேட்டார். பாய்க்கு மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொடுத்தோம்.

அரசு ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். பிரஸ் சத்தம் இரண்டு காதையும் பாதித்திருந்தது. காது மெஷின் கிடைத்தது, ஆனால் ஒரு மாதம் அதை அலமாரியில்தான் வைத்திருந்தார். தெருச் சத்தமெல்லாம் தலைக்குள் இடிக்கிறதாம். எங்கள் பகல்நேர மையத்தில் கேரம் ஆட வந்த பிறகு, மற்றவர்கள் கிண்டல் செய்வது என்னவென்று தெரிந்துகொள்ளவே மாட்ட ஆரம்பித்தார். குக்கருக்குப் பதில் தானாக அணையும் ரைஸ் குக்கர் வந்தது. காலிங் பெல்லோடு ஒரு பல்பும் எரியும்படி வீட்டுக்காரம்மாவே ஆள் வைத்து மாட்டிக்கொடுத்தார்.

அதன்பின் எங்கள் ஃபாரத்தில் ஞாபகக் கேள்விகளுக்கு முன்னால் காது, கண் இரண்டையும் பார்க்கும்படி மாற்றினோம். சம்மதம் என்று எழுதுமுன் எதற்குச் சம்மதம் என்று அந்த முதியவர் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும் என்றும் சேர்த்தோம்.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. பழைய ஃபைல்களில் நான் பூஜ்யம் போட்டவர்களைத் தேடிப் போனேன். மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். இரண்டு பேருக்கு உண்மையிலேயே நினைவு போயிருந்தது. மூன்றாவது, ஓர் இல்லத்தில் இருந்த அம்மா. அவர் காதருகே குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக என் பெயரைச் சொன்னேன்.

"தெரியும்மா. என்னை இங்க கொண்டாந்து விட்டது நீங்கதானே" என்றார்.