மலைக்கு நூறு பாவு

என் அம்மா பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். அந்தக் குணத்தில் கொஞ்சம் எனக்கும் வந்துவிட்டது. இல்லாவிட்டால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒருத்தி, எல்லோரும் பஸ் ஏறிப் போய்வருகிற திருத்தணி மலையை, தெருவில் நின்றுகொண்டே அளக்கப் புறப்பட்டிருப்பாளா?

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாவின் வேண்டுதல். கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் முற்றி, டாக்டரே கையை விரித்துவிட்டாராம். பிள்ளை பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்கு ஊரிலிருந்தே நடந்து வந்து பூக்காவடி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்துவிட்டேன். காவடிதான் கிளம்பவில்லை. அடுத்த ஆடி வருவதற்குள் அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டாலும் நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் எங்கள் வீட்டில் சண்டைதான்.

அந்த வருடம் சண்டையை ஆரம்பித்தது மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் ஊருக்கும் திருத்தணிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினவர்.

"பன்னெண்டு கிலோமீட்டரு, அக்கா. என் வண்டி மீட்டரே சொல்லுது. இந்தக் கால வச்சிக்கினு நீ எங்க நடக்கறது? வா, வண்டியில இட்டுகினு போறேன்."

"வண்டியில போய் காவடி எடுக்கறதுக்கு நான் இன்னாத்துக்குடா வேண்டிக்கினேன்? ரோட்டுல யார் போறாங்க? ஏரிக்குள்ள பூந்து போனா அஞ்சுதான்."

"பத்துக்கு ஒண்ணும் கொறையாது."

ரோடு சுற்றிக்கொண்டு போகும். ஏரிக்குள் போகும் ஒற்றையடிப் பாதை ஏறக்குறைய நேராக மலையைப் பார்த்துப் போகும். அது எவ்வளவு தூரம் என்று யாரும் அளந்ததில்லை. நைனா கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். அம்மா வாராவாரம் சந்தைக்கு நடந்தே போய்வரும் தூரம் ஏழு கிலோமீட்டர்.

"மலை ஏழுக்குள்ள இருந்தா நடக்கட்டும். மேல போச்சின்னா பஸ்ஸுதான். அதோட பேச்ச உடுங்க."

அளக்கவும் முடியாது, சண்டையும் ஓய்ந்தது என்று அவர் நினைத்திருப்பார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. என்னால்தானே இந்த வேண்டுதல் என்று எனக்கு நெஞ்சு வலித்தது.

அந்த வாரம் பார்த்து எங்கள் அறிவியல் டீச்சர் நட்சத்திரப் பாடத்துக்கு வந்தார். நட்சத்திரத்தின் ஒளியைப் பட்டகம் வழியாக விட்டால் அது நிறம் நிறமாகப் பிரியும். நடுவில் தெரியும் கறுப்புக் கோடுகளை வைத்து அங்கே என்னென்ன இருக்கிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம் என்றார். அடுத்து, தூரம். கட்டைவிரலை மூக்குக்கு நேரே நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். விரல் இங்கும் அங்கும் தாவியது. கையை நீட்ட நீட்டத் தாவல் குறைந்தது. பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது ஒருமுறை, ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனதும் ஒருமுறை பார்த்தால், கிட்டத்தில் இருக்கும் நட்சத்திரம் தூரத்து நட்சத்திரங்களுக்கு நடுவே கொஞ்சம் தாவும். எவ்வளவு தாவுகிறதோ அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுவார்கள் என்றார்.

நான் எழுந்து நின்றேன். "நட்சத்திரத்துக்கே முடியும்னா எங்க மலைக்கு முடியாதா டீச்சர்?"

முடியும், ஆனால் மூன்று வேண்டும் என்றார். நீளம் தெரிந்த ஒரு நேர்கோடு. அதன் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பார்க்க ஆள். மலைக்கும் பின்னால், வெகு தூரத்தில், தாவாமல் நிற்கும் ஒரு பொருள்.

வீடு வந்து சேர்வதற்குள் மூன்றும் கிடைத்துவிட்டன. நாங்கள் நெசவு செய்கிறவர்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாக்கு நூலுக்கு, அதாவது பாவுக்கு, தெருவில் விரித்துக் கஞ்சி போடவேண்டும். வெயில் ஏறினால் கஞ்சி இறுகி நூல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் விடிவதற்கு முன்பே வேலையைத் தொடங்குவோம். யார் வீட்டுப் பாவானாலும் வீட்டுக்கு ஒருவர் வந்து பிடிப்பார்கள். எங்கள் தெரு வடக்குத் தெற்காக ஓடுகிறது. கிழக்கே வீடு கிடையாது, ஏரிதான். அதற்கப்பால் மலைக்கோயில் விளக்கு. அந்த ஆடியில் விடிவெள்ளி சரியாக மலைக்கு மேலேதான் எழும்பிக்கொண்டிருந்தது. கோடு பாவு, தாவாத பொருள் வெள்ளி. ஆளுக்கு மாமா.

"இதெல்லாம் எனுக்குத் தேவையா?" என்று சலித்துக்கொண்டாலும், தான் சொன்ன பத்து கிலோமீட்டரை நிரூபிக்க ஆசைப்பட்டு அவர் ஒப்புக்கொண்டார்.

எங்கள் பாவு விரித்த காலையில் மாமா தெற்கு முனையில் நின்றார். வெள்ளி விளக்குக்கு நேர் மேலே வந்ததும் அவர் குரல் கொடுக்க வேண்டும். நான் வடக்கு முனையில் ஸ்கேலோடு நின்றேன். கை ஆடி ஸ்கேல் முன்னும் பின்னும் போகாமல் இருக்க அறுபது சென்டிமீட்டர் நூல் ஒன்றை அதில் கட்டி, மறுமுனையைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்திருந்தேன். அன்று மேகம் வந்து கெடுத்தது. பாவைப் பிடிக்காமல் நின்றதற்கு நைனா திட்டினார். மறுநாள் பக்கத்து வீட்டுப் பாவுக்கு விடாமல் போய் நின்றேன், மாமா தூங்கிவிட்டார். அதற்கு அடுத்து கோடிவீட்டுக்காரர் பாவு. அவர் விரித்ததும் எங்களைப் போலவே பன்னிரண்டு புடவைப் பாவு. மாமாவை நானே போய் எழுப்பி இழுத்து வந்தேன்.

"ஆங்! வந்துடுச்சி!" என்று தெற்கிலிருந்து சத்தம் வந்தது.

எனக்கு வெள்ளி விளக்குக்கு இடதுபக்கம் தள்ளித் தெரிந்தது. ஸ்கேலில் ஆறு மில்லிமீட்டர். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அறுபது சென்டிமீட்டர் ஆறு மில்லிமீட்டருக்கு நூறு மடங்கு. அப்படியானால் மலையும் பாவுக்கு நூறு மடங்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவே கேட்கும்படி கத்தினேன். "நைனா! மலைக்கு நூறு பாவு! ஒரு புடவை அஞ்சரை மீட்டரு, பன்னெண்டு புடவைக்கு அறுபத்தாறு. நூறால பெருக்கினா ஆறாயிரத்து அறுநூறு. ஏழு கிலோமீட்டர்கூட இல்ல!"

நைனாவின் கையில் இருந்த பிரஷ் பாவின்மேல் அப்படியே நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தாள். கோடிவீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கஞ்சி காயுது, பாவப் பாருப்பா," என்று நைனா அதட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல், "ஏழுக்குள்ளதான வருது. நடக்கட்டும்," என்றார்.

"இன்னா பாவா, பொண்ணு சொன்னா ஆயிடுமா?" என்று மாமா ஒருவர்தான் கடைசிவரை நைனாவிடம் முனகினார்.

கிருத்திகை அன்று விடியலில் அம்மா மஞ்சள் புடவை கட்டிக் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டாள். நைனா பின்னால் நடந்தார். ஏரியின் அக்கரையை அடைவதற்குள் கணுக்கால் வீங்கிவிட்டது. அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நான் பயந்துபோனேன்.

"கணக்குப்படி இந்நேரம் மலை கிட்ட வந்திருக்கணுமேம்மா."

"கணக்கு சரியாத்தான் இருக்கும். நீ நட," என்று அம்மா எழுந்தாள்.

அடிவாரம் வந்தது. படி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். சந்நிதியில் காவடியை இறக்கியபோது அவள் அழுத அழுகையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அறிவியல் ஜெயித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வருடக் கோடை விடுமுறையில் தறிவேலைக்கு நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது: பாவு ஒருநாளும் புடவையின் நீளத்துக்கு இருக்காது. குறுக்கே போகும் ஊடைநூலுக்கு மேலும் கீழும் வளைந்து வளைந்து போவதில் பாவு சுருங்கும். இரண்டு முனையிலும் கட்டுவதற்குக் கொஞ்சம் வீணாகும். அதனால் பன்னிரண்டு புடவை வேண்டுமென்றால் அதைவிட நீளமாகத்தான் பாவு ஓட்டுவார்கள். நான் அதைச் சேர்க்கவே இல்லை. சேர்த்துப் பெருக்கினால் மலை ஏழைத் தாண்டிவிடுகிறது.

எங்கள் தெருவில் இது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடமே கதியென்று கிடந்த எனக்கும், ஆட்டோ ஓட்டின மாமாவுக்கும்தான் தெரியாது. அன்று விடியற்காலையில் பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் நெசவுக்காரர்கள். நான் கத்திச் சொன்ன கணக்கை அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அறிவைப் பார்த்துத்தான் வாயடைத்து நிற்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.