வேலப்பன்சாவடிக்குப் படிக்க வந்த நீமா

நீமா தான்சானியாவிலிருந்து வேலப்பன்சாவடிக்கு நர்சிங் படிக்க வந்தவள். கிளிமஞ்சாரோ மலைச்சரிவில், வாழைத்தோப்புக்கு நடுவே அவள் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிறு பூசைக்குத் தவறாத கத்தோலிக்கக் குடும்பம்.

கல்லூரி விடுதி ஒத்துவராமல் வெளியே அறை தேடினாள். வானகரத்தில் டு-லெட் பலகை தொங்கிய ஒரு வீட்டில் கேட்டபோது, "இப்பத்தான் ஆள் வந்துட்டாங்கமா" என்றார்கள். அடுத்த வாரமும் பலகை அங்கேயே தொங்கியது. அலைந்து அலைந்து, கடைசியில் அயனம்பாக்கத்தில் செலின் வீட்டு மாடி கிடைத்தது. செலின் கணவனை இழந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை. இரக்கப்பட்டெல்லாம் அவள் அறை கொடுக்கவில்லை. ஞாயிறு கோயிலில் தன் பக்கத்தில் முழங்காலிட்டுப் பூசை கண்ட பெண்ணிடம் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். "ஆம்பளப் பசங்க யாரும் மாடி ஏறக் கூடாது, ஆமா" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

நீமா தமிழ் பழகியது செலினிடமும் ஷேர் ஆட்டோக்களிலும். அவள் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒடுங்கி உட்காருவார்கள். இறங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஒருநாள் பின்சீட்டிலிருந்து யாரோ அவள் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். நீமா திரும்பி, "ஒரிஜினல்தான் நைனா, உட்டுடு" என்றாள். ஆட்டோவே சிரித்தது. அவளும் சிரித்தாள். அறைக்கு வந்து அவள் அழுதது கீழே செலினுக்குக் கேட்டது. மறுநாள் செலின் எதையும் விசாரிக்காமல் ஒரு கிண்ணம் மீன்குழம்பை மாடிக்குக் கொண்டுபோனாள்.

அதே கல்லூரியில் பிசியோதெரபி படித்த பராக்கா, நீமாவின் பக்கத்து ஊர்க்காரன். கத்தோலிக்கன் அல்ல, லூத்தரன் சபையைச் சேர்ந்தவன். அவள் தன் மொழியில் பேசுவதற்கு இங்கே இருந்த ஒரே ஆள். மாடி ஏறக்கூடாதென்பதால் கேட்டுக்கு வெளியே நின்றே பேசிவிட்டுப் போவான். செலின் டீ கொடுத்தாலும் கேட்டுக்கு வெளியேதான்.

மழை பெய்த ஒரு மாலை, நெடுஞ்சாலையைக் கடந்த பராக்காவை ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போனது. கூடி நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். "சரக்கு உட்டுகினு வந்து உழுந்திருப்பான்" என்றார் ஒருவர். பராக்கா குடிக்கிறவனே இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது இருந்த உயிர், மருத்துவமனை சேரும்போது இல்லை. அவன் போனில் கடைசியாகப் பேசியது நீமாவிடம் என்பதால் போலீஸ்காரர் அவளைத்தான் அழைத்தார். பிணவறையில் முகத்தைப் பார்த்து அவன்தான் என்று சொன்னதும் அவள்தான். செலின் வேலைக்குப் போகாமல் கூட வந்து, வாசல் பெஞ்சில் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

உடலை ஊருக்கு அனுப்புவது அந்தக் குடும்பத்துக்கு எட்டாத காரியம். அங்கேயே ஜெபத்தோடு அடக்கம் செய்துவிடுங்கள் என்று பராக்காவின் மாமா போனில் சொன்னார். தூதரகமும் சம்மதித்தது. கல்லூரி அலுவலர் மின்மயானத்தில் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார். நீமா கூடாதென்றாள். அவர்கள் மலையில், இறந்தவர்களை வீட்டுப் பின்னால் வாழைத்தோப்பிலேயே புதைப்பார்கள். தாய்க்காரி தண்ணீர் எடுக்கப் போகும்போதும் பிள்ளையைத் தாண்டித்தான் போவாள். அப்படிப்பட்டவளிடம் எரித்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது?

நீமாவும் செலினும் பங்குச் சாமியாரிடம் போனார்கள்.

"பையன் கத்தோலிக்கனாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று நீமாவுக்குத் தோன்றியது. "லூத்தரன், ஃபாதர்" என்றாள்.

"அதுகூடப் பரவாயில்லம்மா. கல்லறைத் தோட்டத்துல புதுசாக் குழி வெட்ட இடமே இல்ல. அவங்கவங்க குடும்பக் கல்லறையத்தான் தொறந்து மூடிக்கிட்டிருக்கோம். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

செலின் சட்டென்று சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு கல்லறை கீது ஃபாதர். எனக்குன்னு வச்சதுதான். அத்தத் தொறங்க."

சேதி அன்றைக்கே செலினின் கொழுந்தன் பால்ராஜுக்குப் போய்விட்டது. வாசலிலேயே நின்று கத்தினான்.

"அண்ணி, அது எங்க அண்ணன் கல்லறை. எங்கிருந்தோ வந்தவன அதுல போடுவியா? நாளைக்கு ஒன்ன எங்க போடறது?"

"செத்த பொறவு நான் வந்து கேக்கவா போறேன்? எங்கனா போடு."

"எங்க அண்ணன் உன்ன மன்னிக்க மாட்டாரு."

"அத்த நான் அவராண்டப் பேசிக்கிறேன். நீ போ."

கல்லறையைத் திறந்தார்கள். செலினின் கணவர் அந்தோணிராஜின் எலும்புகளை வெட்டியான் எடுத்து, வெள்ளைத் துணியில் கட்டி, குழியின் ஓரத்தில் வைத்தார். அதைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லியிருந்த செலின், பார்த்தாள். "இம்மாம் சின்னதா ஆயிட்டாரு" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பக்கத்தில் பராக்காவின் பெட்டியை இறக்கினார்கள். சாமியார் தமிழில் ஜெபித்து முடித்ததும் நீமா சுவாஹிலியில் ஒரு பாட்டைத் தொடங்கினாள். வந்திருந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டு தெரியாது. கடைசி அடி வரைக்கும் அவள் ஒருத்தியே பாடினாள். போனில் பராக்காவின் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் சிக்னல் போய், மண் போட்டு மூடிய பிறகுதான் மறுபடி வந்தது.

அடித்த வண்டி எதுவென்று கடைசிவரை தெரியவில்லை. கல்லில் பராக்காவின் பெயரை வெட்டப் பால்ராஜ் விடவில்லை. நீமா பெயரெழுதி நட்ட மரச்சிலுவையை யாரோ பிடுங்கிப் போட்டார்கள். இரண்டாவது ஒன்று நட்டாள். அதுவும் போனது. கல்லறைத் திருநாளன்று பால்ராஜ் தன் குடும்பத்தோடு வந்து, தன் அண்ணனுக்கு மட்டும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனான். செலினிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் வீட்டு விசேஷம் எதற்கும் செலினைக் கூப்பிடவும் இல்லை. தன்னால் வந்த வினை என்று நீமா வருந்தியபோது செலின், "நீ படிக்க வந்த, படி" என்றாள்.

நீமா படித்தாள். படிப்பு முடிந்து ஊருக்குப் போனதும், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பராக்காவின் வீட்டுக்குப் போனாள். அவன் கல்லறையின் படத்தை அம்மா கேட்டாள். நீமா போனை நீட்டினாள். அம்மா கல்லின் மேலிருந்த தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டு, "இது அவன் பேரா?" என்று கேட்டாள்.

"இல்லை. அந்தோணிராஜ் என்று ஒருவர் பேர். அவர் கூடத்தான் அவன் இருக்கிறான்."

"அவன் பேர் எங்கே?"

"இல்லை. எழுத விடவில்லை."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து தோப்புக்குள் போனாள். பின்னால் போகலாமா, கூடாதா என்று நீமாவுக்குத் தெரியவில்லை. வெயில் சாய்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா திரும்பி வந்து, அடுப்பைப் பற்றவைத்து அவளுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.