உப்பு மாவுப் பெருமாள்

பள்ளிகொண்ட பெருமாளுக்குத்தான் முதலில் வியர்த்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. காலையில் விளக்கேற்றப் பூஜை அலமாரியைத் திறந்தபோது, கீழ்த்தட்டில் கிடந்த திருமேனியின் தோளிலும் முழங்காலிலும் பொட்டுப் பொட்டாக நீர் நின்றது. அருகில் நின்றவரும் அமர்ந்தவருமான மற்ற இரு பெருமாள்களும் உலர்ந்தே இருந்தார்கள். விளக்குக்கு எண்ணெய் வார்க்கும்போது தெறித்திருக்கும் என்று எண்ணி, துண்டின் நுனியால் ஒற்றினேன். முகர்ந்து பார்த்தேன், எண்ணெய் வாசனை இல்லை. நாவில் வைத்தேன். உப்பு.

மூவரையும் செய்தவள் என் மனைவி. சென்ற குளிர்காலத்தில், கனடாவில் மகள் வீட்டுச் சமையலறை மேசையில், மைதாவையும் உப்பையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து செய்தாள். எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், இரண்டாம் மாடி. திருநீர்மலை கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் நினைத்தால் போய்வரும் தூரம். அங்கே பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் சேவை சாதிக்கிறார். மாதம் தவறாமல் அந்தப் படிகளை ஏறிக்கொண்டிருந்த இருவர், பனி மூடிய ஊரில் ஒரு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தோம். பிற்பகல் முடிவதற்குள் இருட்டிவிடும். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் பாசுரங்களை ஓதிக்கொண்டிருப்பேன். அவளுக்கு அது போதவில்லை.

"நீங்க வாயாலேயே மலையேறிட்டு வந்துடறீங்க. எனக்குக் கைக்கு ஏதாவது வேணும்" என்றாள்.

கைக்கு வழி காட்டியது பேத்தியின் பள்ளிக்கூடம். ஒரு நாள் அவள் உப்பு மாவில் செய்த நட்சத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு. பிசைந்து உருவாக்கி அடுப்பில் இளஞ்சூட்டில் காயவைத்தால் கல்லாகிவிடும். என் மனைவி அதற்கு முன் கைவேலை எதுவும் செய்தவள் அல்லள். மின்சார வாரிய அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். முதலில் இலைகள் செய்தாள். பிறகு கிண்ணங்கள். பிறகு அகல்கள். அகலை ஏற்ற முடியாது. புகை பட்டால் கூரையில் இருக்கும் கருவி அலறும். ஏற்றாத அகல்கள் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக நின்றன.

அதன்பின் பெருமாளைத் தொடங்கினாள். ஆதிசேஷனின் சுருள்களைத் தேன்குழல் போல உருட்டி உருட்டி அடுக்கினாள். படமெடுத்த தலைகளைக் கரண்டி விளிம்பால் கீறினாள். திருமுகத்தைப் பல் குத்தும் குச்சியால் வரைந்தாள். நான் ஓதிக்கொண்டிருந்தால் நடுவில் நிறுத்துவாள்: "இருங்க. கை தலைக்கு அடியிலயா, பக்கத்துலயா?" அத்தனை ஆண்டுகள் ஓதியும் எனக்கு உடனே சொல்லத் தெரிந்ததில்லை. அவளே கண்ணை மூடி, ஏறிய படிகளையெல்லாம் மனத்தால் மறுபடி ஏறிப் பார்த்துவிட்டுச் செய்வாள்.

நின்ற கோலமும் இருந்த கோலமும் அமைந்தன. நடந்த கோலம் மட்டும் அமையவில்லை. தூக்கிய திருவடி சூடுபட்டதும் ஒடிந்து விழுந்தது. ஒவ்வொரு முறையும் ஒடிந்தது. "நடக்கறவர் தானா வந்துக்கட்டும்" என்று விட்டுவிட்டாள்.

மகள் ஒரு டப்பா வார்னிஷ் வாங்கிவந்தாள். "அம்மா, இத அடிச்சாத்தான் நிக்கும். இல்லேன்னா ஈரம் புடிச்சுக்கும்."

"அதுல என்ன போட்டிருக்கான், படி."

"அரக்கும்மா. ஏதோ பூச்சிலேருந்து எடுக்கறாங்களாம்."

"பெருமாள் மேல பூச்சி எச்சிலப் பூசச் சொல்றியா?"

"பட்டு மட்டும் எதுலேருந்து வருதாம்?"

"அது உடுத்தறது. இது மேனி."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்க வீட்டுக்காரம்மாகிட்ட பேசணும்னா வக்கீல் வெக்கணும்." எல்லோரும் சிரித்தோம். டப்பா திறக்கப்படவே இல்லை. சந்தனமும் மஞ்சளும் குழைத்துப் பூசியதோடு சரி. அந்த வீட்டின் சூட்டுக் காற்றில் மூவரும் கல்லாகவே இருந்தார்கள். அவளுடைய கம்பளிச் சட்டைக்குள் சுற்றிக் கைப்பையிலேயே கொண்டுவந்தோம். தாம்பரத்துக் கோடையிலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு காலை, தோசைத் திருப்பி அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவளால் எடுக்க முடியவில்லை. மூளையில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலப்பக்கம் ஓய்ந்தது. பேச்சு, இரண்டு மூன்று சொற்களாக, மெல்லத் திரும்பியது. கால் சிறிது அசைந்தது. கை திரும்பவில்லை.

கூடத்தில் கட்டில் போட்டோம். படுத்தபடி பார்த்தால் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு அவள் கண்ணுக்கு நேரே இருக்கும். அவள் பார்ப்பதற்காகவே மூவரையும் அங்கே எழுந்தருளச் செய்திருந்தேன்.

ஊரப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் ஓர் இளம் பெண் பயிற்சி கொடுக்க வருவாள். ரப்பர் பந்தை என் மனைவியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொல்வாள்.

"வேணாம்."

"ஒரே ஒரு தடவம்மா. சப்பாத்திக்கு மாவு பிசையறதா நெனச்சுக்கோங்க."

"பிசைஞ்சாச்சு." முகவாயால் அலமாரியைக் காட்டினாள். "அதோ. இந்தக் கை... வேலை... முடிஞ்சுது."

பயிற்சிப் பெண் படிக்கட்டில் இறங்கும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சார், இப்படியே விட்டா விரல் உள்ள மடங்கி இறுகிடும். அப்புறம் நகம் வெட்டக்கூடப் பிரிக்க முடியாது. வலி தாங்காது. எப்படியாவது சம்மதிக்க வைங்க." எனக்கு அது விளங்கியது. ஆனால் அந்த மூவரைப் பார்த்துக்கொண்டுதான் அவள் கஞ்சி குடித்தாள், பார்த்துக்கொண்டேதான் உறங்கினாள். தன் கை இருந்ததற்கு அவளிடம் எஞ்சியிருந்த சாட்சி அதுதான். அதை வைத்து அவளோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.

அந்த நிலையில்தான் மழை வந்தது, பெருமாளுக்கு வியர்த்தது.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளப் படப்பையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண், நான் மேசை விசிறியை அலமாரிக்கு முன் வைப்பதைப் பார்த்துவிட்டாள். "இன்னா சார், சாமிக்கே ஜலதோஷமா?"

"மெல்லப் பேசும்மா. இது உப்பு மாவு. ஈரத்த இழுக்குது."

"உப்புமாவா!"

"உப்பு, மாவு."

"அதான் எறும்பு சுத்திகினு கீது" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "வுடுங்க சார். வெயில் வந்தா சரியாப் பூடும்."

வெயில் வரவில்லை. துவைத்த துணியெல்லாம் பூஞ்சை வாடை அடித்தது. சுவரே வியர்த்தது. பெருமாளை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். எடுத்தபோது மேனியெங்கும் அரிசி ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக நகத்தால் எடுக்கையில் அந்த இடங்களில் குழி விழுந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் தோன்றியது. கோயில்களில் சுண்ணாம்புச் சுதையால் ஆன திருமேனிகளுக்குத் திருமஞ்சனம் கிடையாது. நீர் பட்டால் கரையும் என்பதால் தைலக்காப்பு மட்டுமே சாத்துவார்கள். இதுவும் சுதையைப் போன்றதுதானே? வார்னிஷை மறுத்தவளும் தைலத்தை மறுக்க மாட்டாள். நல்லெண்ணெயில் பச்சைக் கற்பூரம் நுணுக்கிப் போட்டு, பஞ்சால் மூவருக்கும் சாத்தினேன். தைலம் உலரும்வரை கோயிலில் திருமேனியை மறைப்பதுபோல, அலமாரிக்கு முன் மஞ்சள் பட்டு ஒன்றைத் திரையாகக் கட்டினேன்.

"என்ன?" என்றாள் கட்டிலிலிருந்து.

"தைலக்காப்பு சாத்தியிருக்கேன்."

அவள் முகம் சிறிது மலர்ந்தது. "எத்தன நாள்?"

"கோயில்ல ஒரு மண்டலம்."

"கோயில்ல... முகம் தெரியுமே."

"இவங்க சின்னவங்க. கழுத்தளவுக்குத் துணி நிக்கமாட்டேங்குது."

நம்பினாள் என்றுதான் நினைத்தேன்.

சுதை ஆண்டுக்கணக்கில் இறுகியது. இதுவோ ஈரம் உண்டு கனிந்திருந்த மாவு. எண்ணெய் உள்ளே இறங்கியதே தவிர, ஈரம் வெளியேறவில்லை. சந்தனப் பூச்சு ஏடு போல மேலே எழுந்து சுருண்டது. நின்ற பெருமாளின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இருந்தவரின் மடியில் கைகள் கலந்து ஒன்றாகிவிட்டன. பள்ளிகொண்டவரின் மூக்கும் வாயும் மறைந்து, ஆதிசேஷனும் அவரும் எது எவர் என்று பிரித்தறிய முடியாமல் ஆனார்கள். எறும்புகள் திரையின் ஓரத்தில் ஏறி மறு ஓரத்தில் இறங்கின.

ஒவ்வொரு காலையும் திரைக்குள் தலையை மட்டும் நுழைத்துத் தீபம் காட்டினேன். திருவடி தொடங்கித் திருமுடி வரை ஒவ்வோர் அங்கமாகச் சொல்லிப் பரவும் பாசுரங்களை அவளுக்குக் கேட்கும்படி ஓதுவது என் வழக்கம். திருவடி என்று ஓதுவேன். அங்கே திருவடி இல்லை. கண் என்பேன், கண் இல்லை. கல்லிலும் மரத்திலும் எழுந்தருள்பவன், அன்பர்கள் நீராட்டினால் நீராடி, கிடத்தினால் கிடந்து, அவர்கள் கைக்குள் அடங்குவதையே தன் பெருமையாகக் கொண்டவன் என்று நான் பலருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கரைத்தால் கரைவான் என்றும் அதற்குப் பொருள் உண்டு என்பதை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

"அலங்காரம்... முடியலியா இன்னும்?" என்பாள் மாலையில். "கல்யாணப் பொண்ணுகூட... இவ்ளோ நேரம் இல்ல."

ஒரு நாள் மாத்திரை தீர்ந்துபோய், முழங்கால் தண்ணீரில் நடந்து கடைக்குப் போனேன். திரும்பி வந்தேன். மஞ்சள் பட்டு தரையில் கிடந்தது. உதவிக்கு வரும் பெண் சுவரோரம் நின்றிருந்தாள்.

"அம்மாதான் சார் இழுக்கச் சொல்லிச்சு. மாட்டேன்னா, கட்டில வுட்டு எறங்கப் பாக்குது. நா இன்னா பண்றது?"

மனைவி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நனைந்த வேட்டியோடு நான் நின்றேன். பிறகு என் பக்கம் திரும்பினாள். வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது.

"தைலக்காப்பா?"

நான் குனிந்து, தரையில் கிடந்த பட்டை எடுத்து மடித்தேன்.

"பொண்ணுகிட்ட... சொல்லாதீங்க. ஜெயிச்சுடுவா."

அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கிடந்த பெருமாளைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு கைகளாலும் ஏந்திக் கொண்டுபோனேன். அப்போதும் அடிப்பக்கம் விரலில் ஒட்டியது. இடக்கையை நீட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தலையசைத்து, போர்வைக்கு மேல் கிடந்த வலக்கையைக் கண்ணால் காட்டினாள்.

"இதுல."

உள்ளங்கையில் கிடத்தினேன். அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். நெற்றி நரம்பு புடைத்தது, கழுத்து இறுகியது, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சிப் பெண் எத்தனை கெஞ்சியும் செய்யாததை அன்று தானாகச் செய்துகொண்டிருந்தாள். விரல்கள் மூடவில்லை. மூச்சை விட்டுவிட்டு மறுபடியும் முயன்றாள். எண்ணெயும் உப்பு நீரும் மணிக்கட்டு வழியே வடிந்து படுக்கை விரிப்பில் இறங்கின. சுண்டுவிரல்கூட அசையவில்லை.

பிறகு இடக்கையைக் கொண்டுவந்து, வலக்கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மேலே தன் இடக்கையை வைத்து அழுத்தினாள். விரலிடுக்குகளில் மாவு பிதுங்கி வந்தது.

"அய்யோ, சாமிம்மா" என்றாள் உதவிக்கு வரும் பெண்.

"தெரியும்" என்றாள் என் மனைவி. கைகளைத் தளர்த்தி, "பின்னமானா... வெச்சுக்கக்கூடாது. கரைச்சிடுங்க. மூணு பேரையும்" என்றாள்.

வாளியில் நீர் நிரப்பிக் கட்டிலருகே வைத்து, மூவரையும் ஒருவர்பின் ஒருவராக இறக்கினேன். கரைய நேரம் ஆகவில்லை. அவள் கையையும் அதே நீரில் கழுவினேன். அந்த நீரைச் சாக்கடையில் ஊற்ற மனம் ஒப்பவில்லை. துளசியின் வேரில் ஊற்றினால் உப்பு அதைக் கொன்றுவிடும். கீழே தெருவில் மழைநீர் அடையாற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதில் வேறு என்னென்னவோ கலந்திருந்தது. வாளியோடு கீழே இறங்கி, வாசற்படியில் நின்று, ஓதத் தொடங்கி, எந்தப் பாசுரமும் வாயில் வராமல், பேசாமல் ஊற்றினேன். சிறிது தூரம் வெண்மையாகப் போயிற்று.

மறுநாள் பயிற்சிப் பெண் வந்தாள். வெறுமையாக இருந்த கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் பந்தை எடுத்து என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தாள். "வேணாம்" என்ற சொல் வரும் என்று நான் காத்திருந்தேன். வர வேண்டும் என்றுகூட விரும்பினேன். அது வரவில்லை. அவள் மழை விழும் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து உருண்டு தரையில் விழுந்தது. பயிற்சிப் பெண் அதை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் விழுந்தது. என் மனைவி மறுக்கவில்லை, முயலவும் இல்லை.

அன்றிலிருந்து இன்றுவரை அவள் மறுத்ததில்லை. இணங்கிவிட்டாளா, மறுப்பதற்கு இருந்த காரணமும் கரைந்துபோய்விட்டதா என்பது எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. ஒவ்வொரு பகலும் அந்த விரல்களை நான்தான் பிரித்து விடுகிறேன். பிரிக்கப் பிரிக்க அவை உள்நோக்கியே மடங்குகின்றன.