தரைப்பாலத்தில் கற்ற ஆங்கிலச் சொல்

நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலச் சொற்களில் ‘ஹக்’ என்பதை என் மகளிடம் கற்றேன், செய்யாற்றுத் தரைப்பாலத்தின் மேல்.

அன்று மழையால் மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். உத்திரமேரூருக்கு மொபெட்டில் போய் அவளை அழைத்து வந்தேன். திங்கட்கிழமை ஆங்கிலத் தேர்வு என்பதால், பின்னால் உட்கார்ந்து சொற்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கைகள் கேரியர் கம்பியில். சின்ன வயதில் என் வயிற்றைக் கட்டிக்கொண்டுதான் வருவாள். மஞ்சள் நீராட்டுக்குப் பிறகு அவளாகவே அதை விட்டுவிட்டாள். எங்கள் பக்கம் அப்படித்தான். நானும் ஒன்றும் சொன்னதில்லை.

பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. எங்கள் கண்ணெதிரே ஒரு பஸ் அக்கரை ஏறியது. சுற்றுவழி என்றால் ஒரு மணி நேரம். வண்டியை இறக்கப் போனேன். குடையோடு கரையில் நின்ற பெரியவர் ஒருவர் தடுத்தார்.

“இன்னாபா, பொண்ண வெச்சிக்கினு தண்ணியில வுடப் போறியா? அடுப்புல இன்னா வெச்சிட்டு வந்த, அவ்ளோ அவசரம்?”

“இப்பதான் பஸ்ஸே போச்சு, பெரியவரே.”

“பஸ்ஸு போவும். நீ பஸ்ஸா?”

சிரித்துவிட்டு இறக்கினேன்.

பாதிப் பாலத்தில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும். திருப்பவும் இடமில்லை. பாலத்தின் ஓரத்தில் நட்டிருந்த கற்களில் பாதியைக் காணோம். அவள் விழுந்தால்கூட எனக்குத் தெரியாதே என்று அப்போதுதான் உறைத்தது. கழுத்தைத் திருப்பப் பயமாக இருந்தது.

“பாப்பா, படிச்சிக்கினே வா. நிறுத்தாத.”

“இப்பவா? இன்னாத்த படிக்கிறது, நைனா?”

“வழியில சொல்லிக்கினு வந்தியே, அத்த. சத்தமா.”

“ஹக்குன்னா கட்டிப் புடிக்கிறது. கொயந்த பொம்மைய கட்டிப் புடிச்சிக்குது. இன்னொண்ணு, ஒட்டினாப்புல போறது. படகு கரைய ஒட்டியே போவுது. அதுக்கும் ஹக்குதான்.”

“திருப்பிச் சொல்லு.”

சொன்னாள். அந்தக் குரல் கேட்கிறவரை அவள் இருக்கிறாள். பெருமாளே, என்னை எடுத்துக்கொள், இவளைக் கரை சேர்த்துவிடு என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் வரும் பக்கத்துக் கற்களை ஒட்டி ஓட்டினேன்.

பின்சக்கரம் வழுக்கியது. குரல் நின்றது.

கூப்பிட வாய் வரவில்லை. பெருமாள் பெயரும் மறந்துபோனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். பிறகு இரண்டு கைகள் என் வயிற்றைச் சுற்றி இறுகின. முதுகில் அவள் முகம் அழுந்தியது. அழுகிறாள் என்பது நனைந்த சட்டையிலும் சூடாகத் தெரிந்தது.

அக்கரை ஏறியதும் வண்டி அணைந்தது.

“நைனா, அந்தாண்ட வந்துட்டமா?” கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

“வந்துட்டோம்மா.”

கைகளை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தபோது எதிர்க்கரையில் அந்தப் பெரியவர் தலையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பெருமாள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். காப்பாற்றியது அவர். இறக்கியது நான்.

திங்கட்கிழமை சுற்றுவழியில் போனோம். மழை விட்டிருந்தது. அவள் கைகள் பழையபடி கேரியர் கம்பியில். கொஞ்ச தூரம் பேசாமலே வந்தாள். பின்னால் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

“படிச்சிக்கினு வாம்மா,” என்றேன்.