விக்கலுக்குச் சொந்தக்காரி

செய்தியை எனக்கு எவரும் சொல்லவில்லை. நானே வாசித்தேன்.

பலேர்மோவின் போர்கோ வெக்கியோ சந்தைக்குள் இறங்கும் இடத்தில், மீன் கடைக்குப் பக்கத்துச் சுவரில், இறந்தவர்களின் அறிவித்தல்களைக் கறுப்புக் கரை போட்டு ஒட்டுவார்கள். முன்பெல்லாம் எனக்கு அது வெறும் சுவர். இப்போது பேருந்தின் நெற்றி, பால் பெட்டி, மருந்துப் போத்தல், கடைக் கதவு என்று கண்ணில் படும் ஒன்றையும் விடாமல் வாசித்துக்கொண்டுதான் நடக்கிறேன். அன்று பசை காயாத தாள் ஒன்றில் "அந்தோனினா" என்று இருந்தது. என் கண்ணை நான் நம்பவில்லை. எழுபது வயது தாண்டி வாசிக்கப் பழகியவன், ஓரெழுத்தைத் தவறவிட்டிருக்கலாம். விரலை வைத்து மறுபடி வாசித்தேன். பிறகு மீன்காரனைக் கூப்பிட்டு, அவன் முன்னால் உரக்க வாசித்துக் காட்டினேன்.

"நான் பிழையா வாசிக்கிறன், என்ன?" என்றேன்.

அவன் கையைத் துடைத்துவிட்டுத் தாளைப் பார்த்தான். "இல்லை பெப்பே. சரியாத்தான் வாசிக்கிறாய்."

சூசை என்ற என் பெயர் இந்த ஊர்க்காரர்களின் வாயில் பெப்பே. அவர்கள் இத்தாலியனிலும் சிசிலியனிலும் சொன்னவற்றை எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

பலேர்மோவில் இருக்கும் எங்கள் ஆட்கள் பலருக்குச் சிஞ்ஞோரா அந்தோனினாவைத் தெரியும். பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால், நாலாம் மாடியில் இருந்தவர். அவருடைய வீட்டுக்கு வேலைக்குப் போய் ஒரு கிழமையில் ஓடிவந்த பிள்ளைகள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். "அந்தச் சந்தேகக் கிழவியோ" என்பார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்தச் சந்தேகம் எங்கே பிறந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் போகிறது. போகட்டும்.

அவரைப் பராமரிக்க நான் அங்கே போன முதல் நாளே, மேசை அலுமாரிகளின் எல்லா லாச்சிகளிலும் தையல் நூல் கட்டியிருந்ததைக் கண்டேன். லாச்சியைத் திறந்தால் நூல் அறும். சாயந்தரம் விரலால் தடவிப் பார்ப்பார். அவருக்குக் கண்ணின் நடுப்பகுதி மறைந்துபோயிருந்தது. ஓரத்தால் மட்டுமே பார்வை தெரியும். ஆகவே எவரையும் தலையைத் திருப்பிக் கடைக்கண்ணால்தான் பார்ப்பார். பிள்ளைகள் பயந்ததில் பாதி அந்தப் பார்வைக்கு.

எனக்கும் அவர் மேல் சந்தேகம் இருந்தது. "நான் ஆர் தெரியுமோ? இந்தத் தீவிலை எலெக்ட்ரிக் கிட்டாரோடை மேடையிலை நிண்ட முதல் பொம்பிளை" என்றார் ஒருநாள். நான் "ஓம் சிஞ்ஞோரா" என்றேன். இதற்கு முன் நான் பராமரித்த ஒரு கிழவி தன்னைப் பிரபுவின் மகள் என்றார். இன்னொருவர் கப்பல் வைத்திருந்ததாகச் சொன்னார். இந்த வீட்டில் ஒரு கிட்டார் இல்லை, ஒரு இசைத்தட்டு இல்லை, சுவரில் ஒரு படம் இல்லை. பாடகியாம்!

முதன்முதலாக அவர் பாடியதை நான் பாட்டென்று நினைக்கவில்லை. குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே அவருக்குப் பலத்த விக்கல். வயதானவர், மூச்சு அடைத்துவிட்டால் என்ன செய்வது? தண்ணீரில் சீனி கலக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கட்டிலில் நேராக உட்கார்ந்து, தொடையில் கையால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னது?"

"விக்கலுக்குத் தண்ணி, சிஞ்ஞோரா."

"மடையா, அது பாட்டு! ரொக்கபிலி! அந்த விக்கலுக்குத்தான் சனம் கதிரையிலை ஏறி நிண்டது!"

ரொக்கபிலி என்ற அந்த அமெரிக்கப் பாட்டில், குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொண்டையில் ஒரு தட்டுத் தட்டி அதை உடைத்து, உடைந்த துண்டை மேலே எறிந்து பிடிக்க வேண்டுமாம். தண்ணீரையும் விடாமல் குடித்துவிட்டுத்தான் கிளாசைத் திருப்பித் தந்தார். விக்கல் நன்றாக இருந்தது. ஆனால் விக்குகிறவர்கள் எல்லாரும் பாடகிகளா என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கடிதங்களால் ஒருமுறை சண்டை வந்தது. வரும் கடிதம் எல்லாவற்றையும் நான் பாண் பெட்டிக்குக் கீழே வைப்பேன். யாரிடமிருந்து என்று கேட்டால் "தெரியாது" என்பேன். அவர் தலையைத் திருப்பி என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். "கடிதத்தை ஏறெடுத்தும் பார்க்காத ஆள் எண்டால், அவன் ஏற்கெனவே வாசிச்ச ஆள்" என்றார். மருமகன் வைத்த ஒற்றன் நான் என்று அவருக்கு எண்ணம். மருமகன் அவருடைய தம்பியின் மகன். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அவசரக்காரர்.

மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை. சந்தையில் பழைய சாமான் விற்கிறவன் பாட்டுப் பெட்டியில் ஒரு இசைத்தட்டைப் பாடவிட்டிருந்தான். கையில் கத்தரிக்காயோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். தொண்டையில் அதே தட்டல், அதே உடைவு, இரண்டாம் அடியில் அதே இடத்தில். ஆனால் குரல் இளமை.

"இது எங்கடை சிஞ்ஞோரா" என்றேன்.

கடைக்காரன் இசைத்தட்டின் அட்டையைத் தூக்கிக் காட்டினான். அதில் பொன்முடிக்காரி ஒருத்தி சிரித்தாள். "பேர் எழுதியிருக்கு, வாசி. இவள் வடக்கிலை பெரிய ஆள்" என்று பெயரையும் சொன்னான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன்.

"பேர் என்னவாயும் இருக்கட்டும். விக்கல் எங்கடை சிஞ்ஞோராவின்ரை."

அவன் பக்கத்துக் கடைக்காரனிடம் கண்ணைக் காட்டிச் சிரித்தான். வாசிக்கத் தெரிந்த எல்லாரையும் அந்த அட்டை ஏமாற்றியிருந்தது. எனக்கு ஏமாற வழியில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.  சிஞ்ஞோரா லாச்சி நூல்களை ஒவ்வொன்றாகத் தானே அறுத்தார். கதையும் சொன்னார்.

அவர் பிறந்தது போர்கோ வெக்கியோவில். துறைமுகத்துக்கு வந்த அமெரிக்க மாலுமிகள் விட்டுப்போன இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார். பதினேழு வயதில் காற்சட்டை போட்டு, கிட்டாரைத் தோளில் மாட்டி, பக்கத்தில் ஒருவன் பெரிய பாஸ் வயலினை உள்ளங்கையால் அறைந்து வாசிக்க, நடனக் கொட்டகைகளில் பாடினார். மேடைப் பெயர் நீனா லாம்போ. லாம்போ என்றால் மின்னல். "வீட்டை போய்ச் சமை" என்று ஆண்கள் கத்துவார்களாம். "சமைச்சு வைச்சிட்டுத்தான் வந்தனான், போய்த் தின்" என்று பாட்டுக்குள்ளேயே பதில் வைத்துப் பாடுவாராம். வடக்கிலிருந்து ஒரு கம்பனி வந்து நாலு பாட்டைப் பதிவு செய்தது. ஒரு தாளில் கையெழுத்து வாங்கியது. தட்டு வெளியானபோது குரல் இவருடையது. படமும் பெயரும் பொன்முடிக்காரியுடையவை. தகப்பனாரிடம் ஓடிப்போய் அழுதிருக்கிறார். "நல்லதாப் போச்சு, குடும்பத்தின்ரை பேர் கெடேல்லை" என்றாராம் அவர்.

"வாசிக்கத் தெரியாமல் ஏமாறேல்லை பெப்பே. சந்தோசத்திலை வாசிக்கேல்லை" என்றார் சிஞ்ஞோரா.

அந்த வருடமே மிலானிலிருந்து ஒருவர் வந்தார். பழைய பாட்டுகளைத் தேடி மறுபடி தட்டாகப் போடுகிறவர். பாஸ் வாசித்த கிழவர் இன்னும் உயிரோடு இருந்து, அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார். நல்ல மரியாதையான மனிதர், கேக்கும் கொண்டுவந்தார். சிஞ்ஞோராவின் சந்தேகம் இன்னும் கூடியது. "உன்னை ஆர் புகழுறானோ அவன்ரை கையைப் பார். அதிலை பேனை இருக்கும்" என்பார். இருந்தது. ஒப்பந்தமும் இருந்தது. மருமகன் பத்து நிமிடத்தில் அதை வாசித்து, "எல்லாம் சரி மாமி, கையெழுத்துப் போடுங்கோ" என்றார்.

அவர்கள் போனதும் சிஞ்ஞோரா தாளை என்னிடம் நீட்டினார். "நீ வாசி."

"கண்ணாடி வீட்டிலை, சிஞ்ஞோரா."

"நீ கண்ணாடி போடுறேல்லை."

இந்த நாட்டில் இத்தனை வருடமாக, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதித் தாள்களில் என் பெயரை ஒரு மீனைக் கீறுவது போலக் கீறிக்கொடுத்து வந்தவன் நான். எட்டு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனவன். அதை இங்கே எவருக்கும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். "எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு பாஷையிலையும் தெரியாது."

"அப்ப என்ரை கடிதமெல்லாம்?"

"ஒண்டும் விளங்காமல்தான் பாண் பெட்டிக்குக் கீழை வைச்சனான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து உண்மையான விக்கலே வந்துவிட்டது. சீனித் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "வாசிக்கத் தெரிஞ்சவங்களிலை எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை உள்ளவனுக்கு வாசிக்கத் தெரியேல்லை. போய்ப் படி. அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டன்."

"எனக்கு எழுபத்திமூண்டு வயசு."

"எனக்கு எண்பத்திரண்டு. ஆருக்கு அவசரம்?"

அவசரம் அவருக்குத்தான். சாவதற்கு முன் தன் குரலில் தன் பெயரை ஒட்ட வேண்டும். அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அது என் மந்தமான தலையை நம்பி நின்றது. நான் குடியிருக்கும் சீசாப் பகுதியில், பெரியவர்களுக்கான பின்னேரப் பள்ளிக்குப் போனேன். மருமகன் மாதம் ஒருமுறை வந்து "இன்னும் எந்த எழுத்திலை நிக்கிறாய்?" என்று பகிடி பண்ணுவார். மிலான்காரர் தொலைபேசியில் பெருமூச்சு விடுவார். இவனும் கடைசியில் விட்டுவிடுவான் என்று சிஞ்ஞோரா சந்தேகிப்பது எனக்குத் தெரியும். விடவில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து சொல்லாகிற அந்த நிமிடத்தின் ருசி, இந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். இத்தாலிய எழுத்து வந்த பிறகு, சொந்த எழுத்துத் தெரியாதது வெட்கமாகிவிட்டது. அதையும் ஞாயிறுகளில் பழகினேன்.

ஒருநாள் உடுப்புக் காயப்போடும்போது, கொடியில் உடுப்பைக் கவ்வும் சின்னக் கொழுவிகள் போட்டிருந்த வெள்ளிக் கிண்ணத்தில் எழுத்து இருப்பதைக் கண்டேன். மூன்று வருடத்துக்கு மேலாக என் கையில் புழங்கிய கிண்ணம். வாசித்தேன். பொன்முடிக்காரியின் பெயர் இருந்தது. அவளைப் போலப் பாடியதற்கு முதல் பரிசு என்றிருந்தது. தட்டு வந்த பிறகும் பதினொரு வருடம் சிஞ்ஞோரா திருவிழா மேடைகளில் தன்னுடைய பாட்டையே பாடியிருக்கிறார். சனம் "அவளை மாதிரியே பாடுறாய்" என்று மெச்சியது. இந்தக் கிண்ணம் கையில் வந்த அன்றுடன் பாட்டை நிறுத்தியிருக்கிறார்.

கிண்ணத்தோடு போய் நின்றேன். "வாசிச்சிட்டியோ?" என்றார். "ஓம்." "அப்ப அந்தத் தாளை எடு."

மிலான்காரரும் மருமகனும் வந்து மேசையில் உட்கார்ந்தார்கள். மருமகன் பத்து நிமிடத்தில் முடித்ததை நான் ஒரு பின்னேரம் முழுக்க வாசித்தேன். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, உரத்து. மருமகன் இரண்டுமுறை எழும்பிப் போய்ப் புகைத்துவிட்டு வந்தார். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி வந்தது: அட்டை மூலத்தில் உள்ளபடியே இருக்கும்.

"மூலத்திலை எண்டால் என்ன?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்கு அது விளங்கவில்லை.

 சிஞ்ஞோரா தலையை மெதுவாகத் திருப்பினார். "அப்ப அட்டையிலை எந்தப் பேர்?"

மிலான்காரர் சிவந்துபோனார். சேகரிக்கிறவர்கள் பழைய அட்டையைத்தான் விரும்புவார்கள், உள்ளே ஒரு தாளில் உங்கள் பெயர் கட்டாயம் இருக்கும் என்றார்.

"உள்ளுக்கை அறுபது வருசம் இருந்தாச்சு. இனி வெளியிலை."

அந்த வரியை வெட்டினார்கள். புதிதாக எழுதினார்கள். அதையும் வாசித்தேன். சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டார். நான் சாட்சியாக என் பெயரை எழுதினேன், கீறவில்லை. தட்டு வரவேண்டிய விலாசமாக, நானும் மனைவியும் இருக்கும் சீசா வீட்டைக் கொடுக்கச் சொன்னவரும் அவரே. மருமகன் முகத்தைத் தூக்கினார்.

கடைசி மாதங்களில் மருமகன் அவரை ஊருக்கு வெளியே தன் வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார். போகும்போது சிஞ்ஞோரா கொழுவிக் கிண்ணத்தை என் கையில் தந்தார். தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "வந்திட்டுதோ?" வரவில்லை. பிறகு அந்தச் சுவர்த்தாள் வந்தது. அடக்கப் பூசையில் பாதிரியார், காலமான கணவருக்கு நல்ல மனைவி என்றார், நல்ல அயலவர் என்றார். பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்தமுறையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

மூன்றாம் கிழமை ஒரு தட்டையான பெட்டி வந்தது. கையைக் கழுவிக்கொண்டு பிரித்தேன். அட்டையில், கிட்டாரோடு காற்சட்டை போட்ட ஒரு பெட்டை. கீழே பெரிய எழுத்து. ஒவ்வொன்றாக வாசித்தேன். மூன்றுமுறை வாசித்தேன். சரியாகத்தான் இருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கிண்ணமும், ஒரு தாளை அடிவரிவரைக்கும் நம்பாமல் வாசிக்கும் பழக்கமும்தான். அதனால் பெயரை மட்டும் பார்த்து நான் விட்டுவிடவில்லை. பழைய சாமான் கடைக்காரனிடம் பாட்டுப் பெட்டியை இரவல் வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, தட்டைப் போட்டேன். பாஸ் அறைந்தது. குரல் ஓடிவந்தது. இரண்டாம் அடியில் தொண்டை தட்டி உடைந்தது.

குசினிக்குள் இருந்து என் மனைவி கத்தினாள்: "இஞ்சாருங்கோ, ஆருக்கு அங்கை விக்குது? தண்ணி குடுங்கோவன்!"

நான் அட்டையைக் கொண்டுபோய், அவள் முன்னால் பிடித்து, விரலை வைத்து வாசித்துக் காட்டினேன்: நீனா லாம்போ.