காதர் மைதீன் மனைமேல் விழுந்த ரோடு

ஊருக்குப் படம் போடுகிற உத்தியோகத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மை காய்வதற்குள் ஊர் கொஞ்சம் நகர்ந்துவிடும் என்பதுதான்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் அப்படியோர் அலுவலகத்தில் வரைவாளராக இருந்தேன். கல்லூரியில் பூகோளம் படித்தவள். படத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், வயலுக்குப் பச்சை. வருடந்தோறும் பச்சையின் மேல் மஞ்சளைப் பூசுவது என் வேலை. அதில் ஒரு சின்ன துக்கம் இருந்தது, சம்பளமும் இருந்தது. ஊர் எப்படி உண்டாகிறது என்று புத்தகங்கள் நிறையச் சொல்லும். கோயிலைச் சுற்றித் தேர் ஓடினால் ஓர் ஊர். விக்கிரமசிங்கபுரம் போல நூல் ஆலையின் சங்கு கேட்கிற தூரம்வரை ஓர் ஊர். சந்தை கூடினால் வள்ளியூர். இதற்கெல்லாம் நடுவே நாங்கள் சிவப்பில் ஒரு கோடு போடுவோம். அது வரப்போகிற ரோடு. அந்தக் கோட்டுக்கு அடியில் மனையை வாங்கிவிட்டு எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். ஜன்னலுக்கு உள்ளேயும் பெரிய சுகமில்லை என்று உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

சித்திரையில் அளந்த பாதை

டவுனுக்கு மேற்கே, சேரன்மகாதேவி ரோட்டை ஒட்டி வீடுகள் நீண்டுகொண்டிருந்த சமயம். அந்தப் பக்கத்துக்கு ஒரு திட்டம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. நான் வேறொரு கணக்கெடுப்புக்காக வெளியூரில் இருந்தேன். புதிதாக மாற்றலாகி வந்திருந்த எங்கள் அதிகாரி தர்மபுரிப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், வேகமான மனிதர், ஆற்றுப் பாசனம் பார்த்து வளர்ந்தவர் அல்ல. பிசானம் என்கிற பின்பருவ நெல் அறுவடை முடிந்து கால்வாயை அடைத்துப் போட்டிருக்கிற சித்திரை மாதத்தில், ஆட்களைக் கூட்டிக்கொண்டு அளக்கப் போய்விட்டார்.

வயல்களுக்கு நடுவே அகலமாக, இரண்டு பக்கமும் கரை உயர்ந்து, ஒரு பாதை வளைந்து கிடந்தது. அதில் வண்டித் தடம், சைக்கிள் தடம், ஆட்டுப் புழுக்கை. கையிலிருந்த பழைய படத்தின் நகலில் பாதைக்கும் இரட்டைக் கோடு, வாய்க்காலுக்கும் இரட்டைக் கோடு. 'தற்போதுள்ள வண்டிப்பாதை' என்று குறித்துக்கொண்டார்கள். ஒருவர் நிலத்தையும் எடுக்காமல் அகலமான ரோடு கிடைத்துவிட்டது. மெயின் ரோட்டோடு அதைச் சேர்க்க ஒரு சின்ன இணைப்பு போதும். சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவர் இறங்கி நின்று, என்ன அளக்கிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார். ரோடு வரப்போகிறது என்றார்களாம். அவர் சொன்ன பதிலை இவர்கள் 'மழைக்காலத்தில் சேறு' என்று எழுதிக்கொண்டார்கள். அவர் சொன்னது இது: "நல்ல ரோடுதான் அண்ணாச்சி. ஆனி பொறந்தா கொஞ்சம் ஈரமா இருக்கும், அம்புட்டுத்தான்."

அடுக்களையில் பஸ்

அந்தச் சின்ன இணைப்பு போய் விழுந்த இடம் காதர் மைதீன் என்பவருடைய மனை. அவர் சவுதியில் ஏசி மெக்கானிக். கல்யாணமானதிலிருந்து மேலப்பாளையத்தில் வாடகை வீடு. பகலிலும் பல்பு எரிந்தால்தான் உலைக்கு அரிசி போட முடியும் என்கிற வீடு. லீவில் வந்து, சேர்த்ததையெல்லாம் போட்டு, வயலோரமாக ஐந்து சென்ட் வாங்கி, வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தார். அவர் மனைவி பாத்திமா அந்த வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்று: வயலைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அடுக்களை.

அனுமதி கிடையாது என்று பதில் போனதும் இருவரும் வந்தார்கள். நான் ஊர் திரும்பிய வாரம் அது. படத்தை மேசைமேல் விரித்தேன். "இதுல நம்ம வீடு எங்கன வருது மேடம்?" என்று கேட்டார். சிவப்புக் கோட்டின் நடுவே விரலை வைத்தேன். மின்விசிறிக் காற்றில் படத்தின் ஓரம் எழும்பி எழும்பித் தணிந்தது. பாத்திமா அதை உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு கணவரிடம் சொன்னாள்: "கவலைப்படாதீங்க. இனி பஸ்ஸு அடுக்களைக்குள்ளயே வந்துரும். நீங்க சவுதிக்குப் போவ ரொம்ப வசதி."

இடுப்பளவு

விரலை வைத்தபோதே அந்த வண்டிப்பாதையின் வளைவு எனக்கு உறுத்தியது. ரோடு போடுகிறவர்கள் அப்படி வளைக்க மாட்டார்கள். தண்ணீர்தான் அப்படி வளையும். அதிகாரியிடம் சொன்னேன். "நான் அதிலே நடந்திருக்கேம்மா, செருப்புகூட நனையல" என்றார். ஆனி பிறந்து, பாபநாசம் அணையில் கார்ப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். வாருங்கள் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன்.

கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வெயில் அதன்மேல் விழுந்து, உடைந்து, கூடவே போயிற்று. எங்கள் படத்திலிருந்த நாற்பதடி ரோட்டின் இரண்டு ஓரத்திலும் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி படத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை; வேலையில் உண்மையான அக்கறை உள்ளவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சேலையைப் பிழிந்தபடியே சத்தமாகச் சொன்னாள்: "ரோட்டையா தேடுதீய? அங்கனதான் இருக்கு. பைய எறங்குங்க, இடுப்பளவு வரும்."

கால்வாய்க்கு அனுமதி

தப்பு தெரிந்துவிட்டால் கோட்டை அழித்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் தொழிலில் கோட்டைப் போடுவது எளிது. அழிப்பதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். அதிகாரி தன் தவற்றை மறைக்காமல் எழுதி அனுப்பினார். காதர் மைதீன் லீவு முடிந்து போய், அடுத்த லீவில் வந்து, அதுவும் முடிந்து போனார். இடையில் பாத்திமா மட்டும் வருவாள். பெஞ்சில் உட்காருவாள். "கோடு அழிஞ்சுட்டுதா லாத்தா?" என்பாள். லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. இல்லை என்று சொல்வதற்கு எத்தனை விதமான சொற்கள் தமிழில் உண்டோ அத்தனையையும் அவளிடம் சொல்லித் தீர்த்தேன். வாடகை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார் என்று ஒருநாள் சொன்னாள். அடுத்த வீடு அதைவிட இருட்டு.

ஒருவழியாக மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பதில் அல்ல, கேள்வி. அந்த இடத்தில் கால்வாய் எப்போதிலிருந்து இருக்கிறது, யாருடைய அனுமதியின் பேரில் வெட்டப்பட்டது என்று கேட்டிருந்தார்கள். அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். டீ கொண்டுவந்த எங்கள் கடைநிலை ஊழியர் சங்கரபாண்டி விஷயத்தைக் கேட்டுவிட்டு, டம்ளரை வைத்தபடியே யோசனை சொன்னார்: "பாண்டிய ராசா கையெழுத்துப் போட்டதுன்னு எழுதிருங்க ஐயா. சந்தேகம்னா அவுகளையே கூப்பிட்டு விசாரிச்சுக்கிடட்டும்."

காதர் மனை ஸ்டாப்

நாங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது ஊர் சும்மா இருக்கவில்லை. கால்வாய்க்கு அந்தப் புறம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்தது. சின்னப் பாலத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வரப் பிள்ளைகள் குறுக்கு வழி பார்த்தார்கள். எல்லா மனையிலும் வேலி, சுவர். காதர் மைதீன் மனை மட்டும் வெறுமனே கிடந்தது. அதன் ஓரமாக நடந்தார்கள். புல் செத்தது, மண் வெளுத்தது, ஒற்றையடிப் பாதை ஒன்று தானாகப் பிறந்தது. பிள்ளைகள் நின்றதால் பஸ் நின்றது. பஸ் நின்றதால் ஒரு பெட்டிக்கடை. பெட்டிக்கடையில் சைக்கிள்கள் நின்றதால் பக்கத்தில் பங்சர் ஒட்டுகிறவர். ஊர் பிறப்பதை நான் நேரில் பார்த்தது அங்கேதான். எந்த நிறமும் பூசாமல் பிறந்தது.

ஒரு சாயங்காலம் அந்த வழியாகப் பஸ்ஸில் வந்தபோது கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு, வீடே இல்லாத அந்த மனையின் பெயரைச் சொல்லி அழைத்தார்: "காதர் மனைலாம் எறங்கு. ஏலே, படியை அடைக்காத, புள்ளைக எறங்கட்டும்."

பாத்திமா விட்ட வழி

உத்தரவு வந்தேவிட்டது: இணைப்பு ரோடு ரத்து. காதர் மைதீன் லீவில் இருந்தார். வீட்டுக்கு வரைபடம் போட்டுத் தரச் சொல்லி இருவரும் மனைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவர் முதல் காரியமாகச் சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் வந்தார்கள், கயிற்றைப் பார்த்தார்கள், நின்றார்கள். ஒருத்தி தாவணியைச் சரிசெய்துகொண்டு, சுற்று எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தாள்.

பாத்திமா என் பக்கம் திரும்பினாள். "ஓரமா ஒரு வழி விட்டா அடுக்களை என்னாவும் லாத்தா?" சிறியதாகும் என்றேன், ஜன்னல் தப்பிக்கும், வயலுக்கு முன்னால் அந்த வழி தெரியும் என்றேன். சட்டப்படி விட வேண்டியதில்லை என்பதையும் சொன்னேன். காதர் மைதீனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரோட்டுக்கு விடமாட்டோம்னு இம்புட்டு வருசமா ஆபீஸ் படி ஏறினோம். இப்ப நீயே விடுதேங்கியே?" அவள் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "அது அவுக கேக்காம போட்ட ரோடு. இது நான் விடுத வழி. எனக்குப் பிடிக்கலேன்னா நாளைக்கே கதவு வச்சுப் பூட்டுவேன்."

அவள் கதவு வைக்கவே இல்லை. பின்னால் வந்த படத்தில் அந்த வழியை நான்தான் வரைந்தேன், இத்தனை வருட உத்தியோகத்தில் நான் போட்ட ரோடுகளில் போட்ட இடத்திலேயே ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான்.